பாஸ்வேர்டும் ஒரு கைநாட்டுதான்

(பத்தாங் பெர்ஜுந்தாயில் தோட்டக் குடும்பங்களுக்காக நடந்த விளக்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த ஊரின் பெயரை 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று மாற்றிவிட்டார்கள். பலகையில் அது இருந்துவிட்டுப் போகட்டும். நமக்கு இது பத்தாங் பெர்ஜுந்தாய்தான்.

நான் இங்கே வந்தால் வழக்கமாக நிலம், வீடு, சம்பள பாக்கி, அடையாள அட்டை என்றுதான் பேசுவேன். இன்று பாஸ்வேர்டைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று சொன்னதும் வாசலில் ஓர் அண்ணன் கேட்டார், "லாயர் எப்போது கம்ப்யூட்டர் கடை திறந்தார்?" என்று. நியாயமான கேள்வி. பதில் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன்.

நம் தாத்தா பாட்டி காலத்தை நினைத்துப் பாருங்கள். காலையில் பெரட்டு முடிந்ததும் கிராணி ஒரு காகிதத்தை நீட்டுவார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பாட்டிக்குத் தெரியாது. "இங்கே வை" என்பார். மையில் கட்டைவிரலைத் தொட்டு வைத்துவிட்டு மரம் வெட்டப் போய்விடுவார் பாட்டி. அந்தக் காகிதத்தால் வந்த நன்மையும் தீமையும் பல ஆண்டுகள் கழித்துத்தான் வீட்டுக்கு வரும். "நீதானே கைநாட்டு வைத்தாய்" என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது. நம் சமூகம் இழந்த பலவற்றுக்குப் பின்னால் அப்படி ஒரு கைநாட்டு இருந்திருக்கிறது.

இன்று யாரும் மைப்பெட்டியை நீட்டுவதில்லை. பாஸ்வேர்டைக் கேட்கிறார்கள். நாமும் கொடுத்துவிடுகிறோம். அதனால்தான் இது எனக்குக் கம்ப்யூட்டர் விஷயமாகத் தெரியவில்லை, உரிமை விஷயமாகத் தெரிகிறது. கடவுச்சொல், மறைச்சொல், பாஸ்வேர்டு, எப்படி வேண்டுமானாலும் சொல்லுங்கள். அது உங்கள் கையெழுத்து. அதைப் போட்டு உள்ளே போகிறவர் நீங்கள்தான் என்று வங்கியும் அரசாங்கமும் எடுத்துக்கொள்ளும்.

என்னிடம் வந்த ஒரு அம்மாவின் கதையைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், தோட்டமும் வேண்டாம். கோவிட் காலத்தில் சேமநிதியிலிருந்து பணம் எடுக்க அரசாங்கம் அனுமதித்தது நினைவிருக்கும். ஐ-லெஸ்தாரி, ஐ-சினார், ஐ-சித்ரா என்று ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. இந்த அம்மாவுக்குக் கைப்பேசியில் விண்ணப்பம் செய்யத் தெரியவில்லை. ஓர் ஆள் செய்து கொடுத்தார், 100 வெள்ளி வாங்கிக்கொண்டார். பணமும் வந்தது. அம்மாவுக்கு மகிழ்ச்சி. ஆனால் அந்த ஆள் ஐ-அக்காவுன் கணக்கில் தன்னுடைய தொலைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் போட்டு, தனக்குத் தெரிந்த பாஸ்வேர்டை வைத்துவிட்டார். சில ஆண்டுகள் கழித்து அம்மாவுக்குத் தன் சேமநிதி அறிக்கை தேவைப்பட்டது. உள்ளே போக முடியவில்லை. அந்த ஆளின் பழைய எண்ணில் யாரும் எடுக்கவில்லை. கடைசியில் நாங்கள் அவரைச் சேமநிதி அலுவலகத்துக்கு அழைத்துப்போய், மைகார்டைக் கொடுத்து, கட்டைவிரல் ரேகையைப் பதிவு செய்துதான் கணக்கை மீட்டோம்.

பணம் திருடுபோகவில்லை. அதுவரைக்கும் அவர் அதிர்ஷ்டசாலி. ஆனால் அந்த அறிக்கை எதற்குத் தேவைப்பட்டது தெரியுமா? தோட்டத்தில் எத்தனை ஆண்டு வேலை செய்தார் என்று காட்டுவதற்கு.

இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். இந்த வட்டாரத்தில் மேரி, நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் 245 வீடுகளுக்காக எத்தனை ஆண்டு அலைந்தார்கள் என்று உங்களுக்குத் தெரியும். வீட்டுக் கோரிக்கை, இழப்பீட்டுக் கோரிக்கை, எதுவானாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "நீ இந்தத் தோட்டத்தில் வேலை செய்தாய் என்பதற்கு என்ன ஆதாரம்?" தோட்டம் கைமாறியிருக்கும். செக்ரோல் புத்தகம் எங்கே என்று யாருக்கும் தெரியாது. சம்பளச் சீட்டைக் கரையான் தின்றிருக்கும். ஆனால் எந்த முதலாளி எந்த மாதம் எவ்வளவு கட்டினார் என்ற சேமநிதிப் பதிவு இருக்கும். சொக்சோ பதிவு இருக்கும். கைப்பேசியில் எடுத்து வைத்த கடிதங்களின் படங்கள் இருக்கும். இவை எல்லாவற்றின் சாவியும் இன்று பாஸ்வேர்டுதான். சாவி அடுத்தவர் கையில் இருந்தால் உங்கள் வழக்கின் ஆதாரமும் அவர் கையில்தான்.

பணமும் இப்போது கைப்பேசிக்குள் வந்துவிட்டது. 2024 மே 11 முதல் 55 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் சேமநிதி சந்தா மூன்றாகப் பிரிக்கப்படுகிறது. அதில் 10 விழுக்காடு போகும் நெகிழ்வுக் கணக்கிலிருந்து குறைந்தது 50 வெள்ளி முதல் எப்போது வேண்டுமானாலும் கைப்பேசி வழியாகவே எடுக்கலாம். இதற்கு முகவர் தேவையில்லை, கட்டணமும் இல்லை. எஸ்.டி.ஆர். உதவித்தொகை விண்ணப்பமும் அப்படித்தான். தெரியாவிட்டால் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேளுங்கள், அல்லது எங்களிடம் வாருங்கள். ஆனால் பாஸ்வேர்டை நீங்களே தட்டுங்கள். தொலைபேசி எண் உங்களுடையதா என்று பார்த்துவிட்டு எழுந்திருங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 1997-ஆம் ஆண்டு கணினிக் குற்றச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, அனுமதியில்லாமல் அடுத்தவரின் கணக்குக்குள் புகுந்தவருக்கு 50,000 வெள்ளி வரை அபராதம் அல்லது 5 ஆண்டு வரை சிறை அல்லது இரண்டும் என்று வகுத்தது. ஆகவே உங்களை ஏமாற்றியவர் குற்றவாளிதான். ஆனால் நீதிமன்றத்தில் "நான்தான் பாஸ்வேர்டைக் கொடுத்தேன்" என்று நீங்கள் சொன்னால், "அப்படியானால் அனுமதியோடுதானே போனார்" என்று எதிர்த்தரப்பு கேட்கும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும்.

இன்னொன்றை இளைஞர்கள் கட்டாயம் கேட்க வேண்டும். "உன் ஏ.டி.எம். கார்டையும் பின் நம்பரையும் கொடு, மாதம் 300 வெள்ளி தருகிறேன்" என்று நண்பன் வழியாக ஒருவன் வருவான். மோசடிப் பணம் உங்கள் கணக்கு வழியாகப் போகும். பணம் எடுத்தவனை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். கணக்கில் இருப்பது உங்கள் பெயர். போலீஸ் தேடி வருவது உங்கள் லயத்து வீட்டுக்கு. இதைத்தான் "அக்காவுன் கெல்டாய்", அதாவது கழுதைக் கணக்கு என்கிறார்கள். 2024-இல் தண்டனைச் சட்டத்தைத் திருத்தி, கணக்கைக் கொடுப்பதையே தனிக் குற்றமாக்கிவிட்டார்கள். 300 வெள்ளிக்காகப் போலீஸ் பதிவு வாங்கிய பிள்ளைகளின் தாய்மார்கள் என் அலுவலகத்தில் அழுதிருக்கிறார்கள். தயவுசெய்து அந்த வரிசையில் நீங்கள் நிற்காதீர்கள்.

சரி, "நான் யாருக்கும் கொடுக்கவில்லை, ஆனால் என் பாஸ்வேர்டு என் பிறந்த தேதி" என்று ஒருவர் சொல்லலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 80 ஆண்டுகளின் எல்லா நாள்களையும் எண்ணினாலும் 29,220 நாள்தான். வங்கியின் வாசலில் சில தடவை தவறாகப் போட்டால் பூட்டிவிடும், உண்மைதான். ஆனால் ஏதோ ஒரு கடையின் கணினியிலிருந்து பூட்டிய பாஸ்வேர்டுப் பட்டியலைத் திருடித் தன் வீட்டில் வைத்துத் திறந்து பார்ப்பவனை யார் தடுப்பது? அவனுடைய கணினிக்கு 29,220 என்பது கண் சிமிட்டும் நேரம்.

அடையாள அட்டை எண் இன்னும் மோசம். 12 எண்களில் முதல் 6 பிறந்த தேதி. அடுத்த 2 பிறந்த மாநிலம், சிலாங்கூர் என்றால் பெரும்பாலும் 10. மீதி 4 எண்தான். அதிலும் கடைசி எண் ஆணுக்கு ஒற்றைப்படை, பெண்ணுக்கு இரட்டைப்படை. உங்கள் பிறந்த நாளுக்கு வாழ்த்துச் சொன்ன ஆளுக்கு உங்கள் எண்ணைக் கண்டுபிடிக்க 5,000 வாய்ப்புதான் மிச்சம். அதுவும் தேவைப்படாமல் போய்விட்டது. 2017-இல் இந்த நாட்டில் 4 கோடியே 62 இலட்சம் கைப்பேசி எண்களின் விவரம் வெளியே கசிந்தது. பெயர், முகவரி, அடையாள அட்டை எண் எல்லாம் அதில் இருந்தன. நாட்டின் மக்கள் தொகையைவிட அதிக எண்கள். ஆகவே உங்கள் ஐ.சி. எண் இரகசியம் என்று இனி நினைக்காதீர்கள்.

மற்ற நாட்டுக்காரர்கள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள் என்றும் நினைக்க வேண்டாம். 2009-இல் அமெரிக்காவில் ராக்யூ என்ற நிறுவனத்தில் 3 கோடியே 20 இலட்சம் பாஸ்வேர்டுகள் திருடுபோயின. அவற்றில் ஏறக்குறைய 2 இலட்சத்து 90 ஆயிரம் பேர் வைத்திருந்த பாஸ்வேர்டு 123456.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒரே பாஸ்வேர்டை எல்லா இடத்திலும் வைப்பது. வீட்டுக் கதவு, கோவில் உண்டியல், மோட்டார் சைக்கிள், நகைப்பெட்டி எல்லாவற்றுக்கும் ஒரே சாவி என்றால் எப்படி இருக்கும்? ஏதோ விளையாட்டுச் செயலியில் மகன் போட்ட பாஸ்வேர்டு திருடுபோகும். திருடன் அதையே எடுத்துக்கொண்டு மின்னஞ்சல், முகநூல், வங்கி என்று ஒவ்வொரு கதவாகப் போட்டுப் பார்ப்பான். அதை ஓர் ஆள் உட்கார்ந்து செய்வதில்லை, கணினி தானாகச் செய்யும்.

இப்போது என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

முதலாவது, பாஸ்வேர்டு நீளமாக இருக்க வேண்டும். ஒரு பெரிய எழுத்து, ஓர் எண், ஒரு நட்சத்திரக் குறி என்று போட்டு நம்மைக் குழப்பிய விதிகளுக்கு மூலம் 2003-இல் அமெரிக்க அரசு நிறுவனம் ஒன்று வெளியிட்ட வழிகாட்டி. அதை எழுதிய பில் பர் என்பவரே 2017-இல், தான் சொன்னதில் பெரும்பகுதிக்காக வருந்துவதாகச் சொல்லிவிட்டார். அதே ஆண்டில் அந்த நிறுவனம் விதியை மாற்றியது. நீளம்தான் முக்கியம், திருடுபோன அறிகுறி இல்லாவிட்டால் அடிக்கடி மாற்றவும் தேவையில்லை என்றது.

நீளமாக வைத்தால் எப்படி நினைவில் வைப்பது? ஒரு தமிழ் நாளிதழை எடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு வேறு வேறு பக்கத்தில் ஐந்து தடவை விரலை வையுங்கள். விரல் பட்ட சொற்களை எழுதுங்கள். குடை, கருவாடு, மின்னல், படிக்கட்டு, ஊறுகாய் என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். அந்தத் தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் வரிசையாகத் தட்டுங்கள். மின்னல் நேரத்தில் குடையோடு படிக்கட்டில் நின்று கருவாடும் ஊறுகாயும் சாப்பிடுகிற மாமாவைக் கற்பனை செய்தால் மறக்காது. நான் சொன்ன இந்த ஐந்தையே வைக்காதீர்கள், இதை ஊரே வாசிக்கிறது. சாமி பெயர், பிள்ளை பெயர், பாட்டு வரி, பழமொழி வேண்டாம். நீங்களாக யோசித்தால் எல்லாருக்கும் தோன்றுவதுதான் உங்களுக்கும் தோன்றும். அதனால்தான் விரலை வைக்கச் சொல்கிறேன்.

இரண்டாவது, ஒவ்வொரு கணக்குக்கும் வேறு பாஸ்வேர்டு. இருபது கணக்கு இருந்தால் யாராலும் மனப்பாடம் செய்ய முடியாது. அதற்குத்தான் பாஸ்வேர்டு மேனேஜர் என்ற செயலி. அதை ஓர் இரும்புப் பெட்டகம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாப் பாஸ்வேர்டும் அதற்குள் பூட்டியிருக்கும். நாளிதழில் எடுத்த அந்த ஐந்து சொல் பெட்டகத்தின் சாவி. அது ஒன்றை நீங்கள் நினைவில் வைத்தால் போதும். புதிய பாஸ்வேர்டுகளைப் பெட்டகமே உருவாக்கும், தேவையான இடத்தில் அதுவே நிரப்பும். பிட்வார்டன் என்ற செயலிக்கு இலவசப் பதிப்பு உண்டு. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் கூகுளின் பெட்டகமும், ஐபோனில் ஆப்பிளின் பெட்டகமும் காசில்லாமல் கிடைக்கின்றன.

இதில் இன்னொரு நன்மை உண்டு. வங்கியின் பக்கம் போலவே போலிப் பக்கம் செய்து குறுஞ்செய்தியில் அனுப்புவார்கள். நம் கண் ஏமாந்துவிடும். பெட்டகம் முகவரியைப் பார்ப்பதால் அங்கே பாஸ்வேர்டை நிரப்பாது. எப்போதும் நிரப்புகிற பெட்டகம் ஒரு நாள் சும்மா இருந்தால், நீங்களும் கையை எடுத்துவிடுங்கள்.

"பெட்டகத்தையே தூக்கிக்கொண்டு போனால்?" என்று கேட்பீர்கள். நடந்திருக்கிறது. 2022-இல் லாஸ்ட்பாஸ் என்ற நிறுவனத்திலிருந்து வாடிக்கையாளர்களின் பூட்டிய பெட்டகங்களின் நகல்களைத் திருடிவிட்டார்கள். சாவிச் சொல் நீளமாக வைத்தவர்களின் பெட்டகத்தை உடைப்பது மிகவும் கடினம். சின்னச் சொல் வைத்தவர்களுக்குத்தான் பெரிய ஆபத்து. ஆகவே அந்த ஒரு சாவியில் மட்டும் சோம்பல் கூடாது.

பெரியவர்களுக்குச் செயலி ஒத்துவரவில்லையா? ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, பிறப்புப் பத்திரம் வைக்கும் பெட்டியில் வையுங்கள். இதில் வெட்கம் வேண்டாம். தொலைதூரத்தில் உட்கார்ந்திருக்கும் திருடனால் உங்கள் பெட்டியைத் திறக்க முடியாது. ஆனால் ஏ.டி.எம். பின் நம்பரைக் கார்டின் உறையில் எழுதி வைக்காதீர்கள்.

மூன்றாவது, இரண்டாவது பூட்டு. முகநூல், வாட்ஸ்அப், மின்னஞ்சல் எல்லாவற்றிலும் இரண்டு படிச் சரிபார்ப்பு என்று ஒன்று உண்டு. பிள்ளைகளிடம் சொல்லி இன்றே போடுங்கள். முதலில் மின்னஞ்சலுக்குப் போடுங்கள். மற்ற கணக்குகளின் பாஸ்வேர்டை மாற்றும் வழி அங்கேதான் வருகிறது. குறுஞ்செய்தியில் வரும் டேக் எண் போதாது என்று பேங்க் நெகாரா 2022 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. அதனால்தான் வங்கிகள் செயலி வழியாக ஒப்புதல் கேட்கின்றன. நீங்கள் ஒன்றும் செய்யாத நேரத்தில் ஒப்புதல் கேட்டு வந்தால் "இல்லை" என்று அழுத்துங்கள். ஏமாந்துவிட்டது தெரிந்தால் அழுது நேரத்தைப் போக்காமல் உடனே வங்கியை அல்லது 997-ஐ அழையுங்கள். தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் எண் அது, 2022-இல் தொடங்கியது. பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் சொல்ல வேண்டும்.

போலீஸ் கேட்டால் என்ன செய்வது என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். போலீஸ், நீதிமன்றம், வங்கி என்று சொல்லித் தொலைபேசியில் பாஸ்வேர்டு கேட்பவன் மோசடிக்காரன். வையுங்கள் தொலைபேசியை. ஆனால் சட்டப்படி நேரில் நடக்கும் சோதனை வேறு. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 116பி பிரிவும், 1998-ஆம் ஆண்டு தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் 249-ஆம் பிரிவும் பாஸ்வேர்டைக் கேட்க அதிகாரிகளுக்கு அதிகாரம் தருகின்றன. அங்கே முரண்டு பிடித்து இன்னொரு குற்றச்சாட்டை வாங்கிக்கொள்ளாதீர்கள். அடையாள அட்டையைக் காட்டச் சொல்லுங்கள், எதற்கான விசாரணை என்று கேளுங்கள், எடுத்துச் செல்லும் பொருளுக்குப் பட்டியல் கேளுங்கள். கைது செய்தால் வழக்கறிஞரைக் கலந்து பேசுவது அரசியலமைப்பின் 5(3) பிரிவு தரும் உரிமை.

கடைசியாக ஒன்று. பாஸ்வேர்டை யாரிடமும் கொடுக்காதே என்றேன். அப்படியானால் வீட்டுத் தலைவர் திடீரென்று போய்விட்டால்? கணவரின் கைப்பேசியைத் திறக்க முடியாமல், காப்புறுதி எங்கே, கடன் எவ்வளவு என்று தெரியாமல் நிற்கும் தாய்மார்களையும் நான் பார்த்திருக்கிறேன். ஆகவே பெட்டகத்தின் சாவிச் சொல்லை ஒரு தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, குறுக்கே கையெழுத்திட்டு, பத்திரங்களோடு வையுங்கள். எங்கே இருக்கிறது என்று துணைக்கு மட்டும் சொல்லுங்கள். உறை கிழிந்திருந்தால் மாற்றிவிடுங்கள். சேமநிதிக்கு வாரிசுப் பெயர் போட்டிருக்கிறீர்களா என்றும் அதே நாளில் பாருங்கள்.

நம் தோட்டக் குழுக்களுக்கும் இதுதான் பாடம். 2007 நவம்பர் 25-க்குப் பிறகு, டிசம்பர் 13-இல் ஹிண்ட்ராஃப் தலைவர்கள் ஐவரை இசாவில் உள்ளே வைத்தார்கள். ஒரே ஆளை நம்பி ஓர் இயக்கம் இருக்கக்கூடாது என்பதை அன்றே நாம் கற்றுக்கொண்டோம். குழுவின் மின்னஞ்சல், வாட்ஸ்அப், முகநூல் சாவி ஒரே தம்பியிடம் இருந்தால், அவர் கோபித்துக்கொண்டு போனாலும் பழைய கடிதங்கள் எல்லாம் அவரோடு போய்விடும். குறைந்தது இரண்டு நிர்வாகிகள் இருக்கட்டும். ஆள் மாறினால் பாஸ்வேர்டும் மாறட்டும்.

இன்று வீட்டுக்குப் போனதும் எல்லாவற்றையும் செய்ய வேண்டாம். மூன்று கணக்கை மட்டும் பாருங்கள்: மின்னஞ்சல், வங்கி, சேமநிதி. யாருடைய தொலைபேசி எண் அதில் இருக்கிறது, பாஸ்வேர்டு வேறு யாருக்குத் தெரியும் என்று பாருங்கள். உங்களுடைய எண் இல்லையென்றால் நாளையே அலுவலகத்துக்குப் போங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் சொல்லுங்கள், நாங்கள் கூட வருகிறோம்.

நம் பாட்டி எழுத்துத் தெரியாமல் கைநாட்டு வைத்தார். அது அவர் தவறு இல்லை. நமக்குப் படிக்கத் தெரியும். என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் வைக்கும் கைநாட்டு நம்மோடு முடியட்டும்.